உறை பிரிக்காத ஃப்ரிட்ஜ்

ஒரு சமையலறைக்குப் புது ஃப்ரிட்ஜ் ஒன்று வந்து சேர்ந்தது. அதன்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பிரிக்கப் போன கணவனை, "இருக்கட்டுங்க, அழுக்காயிடும்" என்று தடுத்துவிட்டாள் செண்பகா. ஃப்ரிட்ஜுக்குப் பெருமை தாங்கவில்லை.

பக்கத்திலிருந்த அடுப்புக்கோ தினமும் பாடுதான். பால் பொங்கும், சாம்பார் தெறிக்கும். உடனே ஈரத்துணி வந்து தேய் தேய் என்று தேய்க்கும். உடம்பெல்லாம் கீறல்.

"பாவம்க்கா நீ. என்னைப் பாரு, கடையில இருந்த மாதிரியே இருக்கேன்" என்றது ஃப்ரிட்ஜ்.

"தேய்க்கும்போது கொஞ்சம் எரியும்தான் தம்பி. அப்புறம் சுகமா இருக்கும்" என்றது அடுப்பு.

சில வருஷம் கழித்து மகளைப் பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. வருகிறவர்கள் கண்ணில் ஃப்ரிட்ஜ் பளிச்சென்று பட வேண்டாமா? செண்பகா ஆசையாகத் தாளை உரித்தாள். ஓரத்து இடுக்கு வழியாக இறங்கிய ஈரம் உள்ளேயே தங்கி, கதவின் அடிப்பக்கம் முழுக்கத் துரு ஏறியிருந்தது.

பதறிப்போய் ஈரத்துணியை எடுத்து அழுத்தித் துடைத்தாள். துரு போகவில்லை. ஆனால், வயிற்றுக்குள் அத்தனை குளிரை வைத்திருந்தும், இப்படியொரு குளுமையை ஃப்ரிட்ஜ் அதுவரை அறிந்ததில்லை.

"அக்கா, நாளைக்கும் துடைப்பாங்களா?" என்று கேட்டது.

அடுப்பு வாய் திறப்பதற்குள், செண்பகா ரோஜாப்பூ ஸ்டிக்கர் ஒன்றைக் கொண்டுவந்து துருவை மறைத்து ஒட்டினாள். தள்ளி நின்று பார்த்தாள். பூ அழகாகத்தான் இருந்தது. அது அழுக்காகிவிடக் கூடாதே என்று, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளையும் இழுத்து ஒட்டினாள்.