ராஜாவுக்கு எதிராக ஒரு கையெழுத்து

"உங்கள் மகளால் வகுப்பே குழம்பிப்போய்க் கிடக்கிறது. ஒரு கையெழுத்துப் பிரச்சினை. உடனே வரமுடியுமா?" என்று பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள்.

ஜேசுரட்ணம் அப்போது உணவகத்தின் சமையலறையில் மத்தியானக் கூட்டத்துக்காக வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கிக்கொண்டு ஊபான் சுரங்க ரயிலைப் பிடிக்க ஓடினார். ஜெர்மனியில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடந்த 2006 ஆனி மாதம் அது. அவர்கள் இருந்த நொய்கெல்ன் பகுதி முழுக்க ஜன்னலுக்கு ஜன்னல் கொடி பறந்தது. அவருக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை, அப்படி ஒரு ஆத்திரம்.

விஷயம் அவருக்குத் தெரியாததல்ல. கொஞ்ச நாளாகச் சாப்பாட்டு மேசையில் இந்தக் கதைதான். சரித்திர வாத்தியார் வெபர் தன்னை இங்கிலாந்து ராஜா என்று அறிவித்து, வகுப்புப் பிள்ளைகளை அமெரிக்காவில் குடியேறியவர்களாக ஆக்கியிருந்தார்.

ராஜா கடதாசிக்கு வரி போட்டார், தேநீருக்கு வரி போட்டார், வரி என்ற பெயரில் பிள்ளைகளின் சொக்லேட்டை எல்லாம் பிடுங்கினார். மனுக் கொடுத்தார்கள், வாசிக்காமலே கிழித்துப் போட்டார். எங்களைக் கேளாமல் எங்களுக்கு என்ன வரி என்று பிள்ளைகள் கொதித்து, கடைசியில் சுதந்திரப் பிரகடனமே எழுதுவதென்று முடிவு செய்துவிட்டார்கள்.

"கடலுக்கு அங்கால இருந்துகொண்டு எல்லாத்தையும் தானே முடிவெடுக்கிற ராசா, அப்பா. எவ்வளவு காலத்துக்குத்தான் பொறுக்கிறது?" என்று நேற்றுக் கேட்டாள் ஜெசிக்கா. பதினாலு வயதுப் பிள்ளையின் கண்ணில் தெரிந்த அந்தப் பளபளப்பு ஜேசுரட்ணத்துக்கு அப்போதே பிடிக்கவில்லை.

விளையாட்டுத்தான், யார் இல்லை என்றது? ஆனால் குடியுரிமைக்குப் போட்ட அன்ட்ராக், அந்த விண்ணப்பம், இன்னும் அரசாங்கக் கந்தோரில் கிடக்கிறது. இத்தனை வருஷம் காத்திருந்து, கை நுனிக்கு வந்த நேரத்தில், அரசுக்கு எதிராகக் கையெழுத்துச் சேர்த்த பிள்ளை என்று எவனாவது எழுதிவைத்தால் என்ன செய்வது? அது வகுப்பு விளையாட்டு என்று யாரிடம் போய் விளக்கம் சொல்வது?

வகுப்பு வாசலில் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். இறகுப் பேனாவை மையில் தோய்த்து எழுதியதில் எல்லார் விரலும் நீலம், ஒருவனுக்கு மூக்கும் நீலம். ஜேசுரட்ணத்தைக் கண்டதும் பேச்சை நிறுத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஜெசிக்கா தனியாக ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தாள். காலையில் தாய் மக்டலீன் அயன் பண்ணிக் கொடுத்த வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டுக் கறை இல்லை. உள்ளங்கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து முகம்தான் சிவந்து வீங்கியிருந்தது.

"எழும்பு. என்ன வேலை பாத்து வச்சிருக்கிறாய்?"

"அப்பா, நான்..."

"வாய் திறவாதை. என்னைக் கேளாமல் ஒண்டிலையும் கையெழுத்து வைக்கக்கூடாதெண்டு எத்தினை தரம் சொன்னனான்? படிச்சுப் படிச்சுச் சொன்னனானோ இல்லையோ?"

"ஓம், சொன்னனீங்கள்."

"ஒரு கையெழுத்து மனுசனை என்ன செய்யுமெண்டு உனக்குத் தெரியாதோ?"

அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். முன்பு ஊரில் ஜேசுரட்ணத்தைப் பிடித்துக்கொண்டு போனவர்கள், அவருக்கு வாசிக்கத் தெரியாத பாஷையில் எழுதிய தாளை நீட்டி, போடு என்றார்கள். போட்டார். அந்தக் கையெழுத்துக்காக இரண்டு வருஷம் சிறையில் கிடந்தார். அதற்குப் பிறகு பார்சல் கொண்டுவருகிறவனுக்குக்கூட அவர் வீட்டில் வேறு யாரும் கையெழுத்து வைப்பதில்லை.

"அப்பா, நான் சொல்லுறதை ஒருக்காக் கேளுங்கோ."

"ஒண்டும் சொல்லவேண்டாம். வாத்தியாரிட்ட மன்னிப்புக் கேட்டு, பேரை வெட்டச் சொல்லுவம். நட."

அதற்குள் வெபரே வெளியே வந்துவிட்டார். தலையில் கடதாசிக் கிரீடம். நாட்டை ஆண்டு களைத்துப்போன முகம்.

ஜேசுரட்ணம் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் முந்திக்கொண்டார். "மன்னியுங்கள், ஐயா. சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டாள். அவளுடைய பெயரை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் எதிரி இல்லை."

வெபர் கிரீடத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவரை விசித்திரமாகப் பார்த்தார்.

"எந்தப் பெயரை எடுப்பது? எல்லாரும் ஒருமனதாகக் கையெழுத்துப் போட்டால்தான் பிரகடனம் செல்லும் என்று வகுப்பு முடிவு செய்தது. எல்லாரும் போட்டுவிட்டார்கள். இவள் மட்டும் காலையிலிருந்து பேனாவைத் தொடமாட்டேன் என்கிறாள். நீங்கள் வந்தால்தான் ஆகுமாம். இத்தனைக்கும் அதில் உள்ள ஒவ்வொரு வரியும் இவள் எழுதியது."

ஜேசுரட்ணம் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

ஜெசிக்கா வகுப்புக்குள் போய் அந்தப் பெரிய தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். வாங்கில் அவருக்கு முன்னால் விரித்து, மூலை சுருளாமல் கையால் அழுத்திப் பிடித்தாள்.

"இனி ஆரையும் கேளாமல் நாங்களே முடிவெடுப்பம் எண்டுதான் எழுதியிருக்கிறன், அப்பா. கையெழுத்து வைக்கட்டோ?"