சேற்றுக்கு உயர்த்திய ஜீப்

வேலம்பாளையத்துத் தகர ஷெட்டில், மதிய வெயிலில், பழைய டீசல் ஜீப் ஒரு சாண் உயர்ந்து நிற்கிறது. ஆறு மாதமாக மகுடேஸ்வரன் அதற்குச் சேற்று டயர் மாட்டி, ஆற்றுத் தண்ணீரிலும் எஞ்சின் மூச்சுவிடக் கூரைவரை குழாய் ஏற்றியிருக்கிறார். ஆப்பிரிக்க மலையூர் ஒன்றில் டாக்டராயிருக்கும் மகள் தேஜஸ்ரீ, பிரசவத்துக்கு வரும் பெண்களைக் கட்டிலோடு சேற்றில் தூக்கிவர ஆள் தேடுகிறாள்; வண்டி அவளுக்கு அனுப்பத்தான். இவ்வளவு பழைய வண்டியை அந்த நாட்டில் இறக்க விடமாட்டார்கள் என்று கப்பல் ஏஜென்ட் இப்போதுதான் போனில் சொல்லிவிட்டு வைத்தார். அடுத்த அழைப்பு மகளுடையது. “மழை புடிச்சிருச்சுங்கப்பா. இங்க நர்சுக எல்லாம் வண்டிச் சத்தத்த ஒருக்கா கேக்கோணுங்கறாங்க.” அவர் சாவியைத் திருகுகிறார். எஞ்சின் உறுமுகிறது, அங்கே கைதட்டுகிறார்கள். அணைத்தால் பேசியாக வேண்டும். புகையில் கண் எரிகிறது. அவர் அணைக்கவில்லை.