கோழிக்கூடா, தொப்பிக்கடையா?

“நாலு மூலைக்கும் ஜாக்கி எறக்கியாச்சா?” வண்டிக்குள்ளிருந்து மேவிஸ் குரல் கொடுத்தாள்.

“என்னிக்குடி நான் மறந்திருக்கேன்?” வெளியே நின்ற ஃபெர்ன் வண்டியைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள். அது அசையவே இல்லை.

காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற பழைய காலத்துச் சுற்றுலா வண்டி அது. நடுவில் ஒரே அச்சு, இரண்டே சக்கரம். காரைக் கழற்றிவிட்டால், நாலு மூலையிலும் ஜாக்கியை இறக்கி ஊன்றினால்தான் சாயாமல் நிற்கும். மேவிஸின் அண்ணன் ஹார்லனுடைய கொல்லையில், பிளாக்பெர்ரி முட்புதருக்குள் மக்கிக்கொண்டு கிடந்தது. தோழிகள் இருவரும் குளிர்காலம் முழுக்க உழைத்தார்கள். உளுத்த தரையைப் பெயர்த்துப் புதுப் பலகை அடித்தார்கள், எலுமிச்சை நிறம் பூசினார்கள், தொப்பிக்கடை ஆக்கிவிட்டார்கள். இன்று சனிக்கிழமைச் சந்தையில் முதல் நாள்.

அதுவே கடைசி நாளாகவும் ஆகலாம். “சந்தை முடியறதுக்குள்ள ஒரு தொப்பியாவது வித்துக் காட்டு. இல்லேன்னா வண்டி என் கோழிகளுக்கு. ஃபெர்ன் வாங்கினா செல்லாது, சொல்லிட்டேன்” என்றிருந்தார் ஹார்லன். மேவிஸும் ரோஷத்தில் கைகொடுத்துவிட்டாள்.

கூட்டத்துக்கு ஒன்றும் குறைவில்லை. வந்தவர்கள் மரக்கூரையைத் தடவினார்கள், குட்டி அடுப்பைத் திருகிப் பார்த்தார்கள். ஓர் அம்மாள் கண்ணீரே விட்டுவிட்டார்.

“எங்கப்பாவும் இதே மாதிரி ஒண்ணு வெச்சிருந்தாரும்மா!” என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார். தொப்பிகளை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“ஒரே ஒரு தடவை தலையில வெச்சாப் போதும்டி. அப்புறம் கழட்டவே மாட்டாங்க” என்று மேவிஸ் முணுமுணுத்தாள்.

“அப்ப வெச்சுப் பாருங்கன்னு வாயைத் தெறந்து சொல்லேன்.”

“கூச்சமா இருக்கு.”

ஃபெர்ன் அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு தொப்பிகள் தொங்கிய சுவரைப் பார்த்தாள். “சரி, இரு. காபி வாங்கிட்டு வரேன்.”

அவள் போனதும் மழை பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில் மழைக்குப் பேர்போன இந்த ஓரிகன் மாநிலத்தில் குடை பிடிக்கிறவரைப் பார்த்தால் வெளியூர்க்காரர் என்று சிரிப்பார்கள். அதனால் யாரிடமும் குடை கிடையாது. பக்கத்தில் நின்றவர்கள் அப்படியே வண்டிக்குள் ஏறிக்கொண்டார்கள். கடைசியாக, அளவு டேப்பும் கையுமாக ஹார்லன் ஏறினார்.

“எத்தனை போச்சு?”

மேவிஸ் காலியாகக் கிடந்த காசுப் பெட்டியை மூடினாள்.

“அப்பச் சரி.” ஹார்லன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கண்ணாடி மாட்டியிருந்த பின்கோடிக்கு நடந்தார். கதவுக்கு அடங்காத உடம்பு அவருக்கு. “முட்டையிடற பெட்டியை இங்க வெக்கலாம். எப்படி அளவெடுக்கறேன்னு வந்து பாருங்களேன்!”

வேடிக்கை பார்க்க எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள்.

யானை உட்காருகிற மாதிரி வண்டி மெதுவாகப் பின்பக்கம் உட்கார்ந்தது. முன்பக்கம் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டது. “ஐயோ! ஐயையோ!” என்று ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். ஆணிகளில் தொங்கிய தொப்பிகள் அத்தனையும் பொலபொலவென்று அவர்கள் தலைமேல் கொட்டின.

 சரிந்து கிடந்த ஒரு கிழவர் எதிரே கண்ணாடியைப் பார்த்தார். சிவப்புக் கம்பளித் தொப்பி அவர் காதுவரை இறங்கியிருந்தது.

“அட, நான் இவ்வளவு அழகா?”

அவ்வளவுதான், வண்டியே குலுங்குகிற சிரிப்பு. “உங்களுதைக் கொஞ்சம் குடுங்க!” “ஊஹூம், குடுக்க மாட்டேன்!” “ஏங்க, மீசைக்காரரே, அது பொம்பளைங்க தொப்பி!” “இருந்துட்டுப் போகட்டுமே!”

கதவருகே ஃபெர்ன் எட்டிப் பார்த்தாள். கையில் காபி இல்லை. உள்ளங்கையெல்லாம் கிரீஸ்.

“மன்னிச்சுக்குங்க! பின்னாடி ஜாக்கி ரெண்டும் எறக்க மறந்துட்டேன் போல!” என்று கத்தினாள். “எல்லாரும் ஒண்ணா எறங்காதீங்க, முன்பக்கம் தொபுக்கடீர்னு விழும். நெதானமா, ஒவ்வொருத்தரா வாங்க!”

“நல்லா கடை நடத்தினீங்க போங்க!” ஹார்லன் கீழே உட்கார்ந்தபடியே உறுமினார். அவர் தலையில் ஊதா நிறத் தொப்பி. அதில் நெட்டுக்குத்தலாக ஒரு வெள்ளை இறகு. கழற்றுவதற்குக் கையைத் தூக்கியவர் கண்ணாடியைப் பார்த்தார். முகத்தை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

“மேவிஸ், இது என் கோழியோட இறகுதானே?”

“ஆமாண்ணா.”

“திருடி.” தொப்பியை இன்னும் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டார். “எவ்வளவு?”

“அண்ணன் வாங்கினா செல்லுமா?”

“ஃபெர்ன் வாங்கினாத்தானே செல்லாதுன்னேன்?”

காசைக் கொடுத்துவிட்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். போட்ட தொப்பியை ஒருவரும் கழற்றவில்லை. மழையில் தொப்பியோடு போனவர்களைப் பார்த்து, எங்கே வாங்கியது என்று விசாரித்துக்கொண்டு மற்றவர்கள் ஓடி வந்தார்கள். மேவிஸுக்குக் கூச்சப்படக்கூட நேரமில்லை.

சந்தை கலைந்தபோது சுவரில் வெறும் ஆணிகள்தான் மிச்சம். மேவிஸ் தரையில் மல்லாந்து படுத்துச் சிரித்தாள்.

“பொழைச்சோம்டி! நீ ஆயுசுல ஒரே ஒரு தடவை மறந்தே. அதுவும் சரியா இன்னிக்குப் பார்த்து மறந்தியே!”

“ம்.”

“ஆமா, காபி வாங்கப் போனியே, அது எங்க?”

ஃபெர்ன் கோட்டுப் பைக்குள் கையை விட்டு, ஜாக்கி திருகும் கைப்பிடியை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தாள்.

“அடுத்த சனிக்கிழமை எந்தப் பக்கம் சாய்க்கட்டும்?”