தானாகவே புதுப்பி

காலை பத்தேகாலுக்கு மின்சாரம் வந்தது.

எவேலியோ காப்பியை அப்படியே வைத்துவிட்டு மடிக்கணினியிடம் ஓடினார். ஓடியதில் கால்சட்டை நழுவியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கணினியைத் திறந்தார்.

'தானாகவே புதுப்பி' என்ற கட்டத்தில் நேற்று அவர் போட்ட டிக் இல்லை.

இன்றைக்கும் இல்லை.

வெளிநாட்டில், மோந்தேவிதேயோவில் இருக்கும் மகள் மைலெனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. ஞாயிறுதோறும் அழைக்கிறாள். பேரன் அழுவது கேட்கிறது. முகம் தெரிவதில்லை. உங்களிடம் இருப்பது பழைய செயலி, புதியதை இறக்கினால்தான் படம் வரும் என்கிறது திரை.

இறக்க வேண்டுமானால் மின்சாரமும் இணையமும் சேர்ந்து வர வேண்டும். அவர்கள் ஊரான சாந்தா கிளாராவில் அவை சேர்ந்து வருவது ஊரே தூங்கும் வேளையில். அதனால்தான் தானாக இறக்கித் தரும் மென்பொருள் கருவி ஒன்றைத் தேடி அலைந்தார்.

வாராவாரம் நாடகமும் சினிமாவும் செயலிகளும் நிரப்பிக்கொண்டு வீடு வீடாகச் சுற்றும் ஹார்ட் டிஸ்கிலிருந்து, பக்கத்து வீட்டு யொர்தான்கா ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அந்தக் கருவி முதலில் தன்னைப் புதுப்பிக்கச் சொன்னது. இணையம் வழியாக.

அடுத்த வாரம் வேறொன்று. அது நன்றாகவே ஓடியது. டிக் மட்டும் நிற்கவில்லை.

எவேலியோ மதில் மேல் எட்டிக் கத்தினார்.

"உன் டிஸ்க்ல வர்றதெல்லாம் இந்த லட்சணம்தானாடி?"

"தெரு பூரா ஒழுங்காத்தான் ஓடுது மாமா. உங்க வீட்டு டிக்குக்கு மட்டும் கால் முளைச்சிருக்கா?"

மனைவி நெரெய்தா தலை நிமிராமல் கறுப்பு பீன்ஸ் பயறில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கணினிப் பெட்டியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளே அடிக்கடி சொல்வாள்.

அவர் மறுபடி டிக் போட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு ரேஷன் ரொட்டி வரிசைக்குக் கிளம்பினார்.

தெருமுனையில்தான் பையை மறந்தது நினைவுக்கு வந்தது.

திரும்பி வந்தபோது நெரெய்தா மூக்குக் கண்ணாடியோடு மடிக்கணினியின் முன் உட்கார்ந்திருந்தாள். விரல் தடுமாறவில்லை. டிக் போனது.

"நீயா?" என்றார். குரல் உயரவில்லை.

அவள் மூடியைச் சாத்தினாள். எழுந்து வந்து, நழுவியிருந்த அவருடைய கால்சட்டையை இடுப்புக்கு ஏற்றினாள். கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"நீ நல்லா சதை போட்டுட்டேன்னு மைலென்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், கிழவா. படத்துல உன்னைப் பார்த்துட்டா அவகிட்ட என்னத்தச் சொல்லுவேன்?"