ஒவ்வாமை எதுவும் இல்லை

திரையில் இருந்த பதிலை ஜெஸ்பின் மூன்றாவது தடவையும் வாசித்தாள்.

‘நோயாளி சத்தியநேசன், வயது 61. மருந்து ஒவ்வாமை எதுவும் இல்லை.’

ஊசி போடுமுன் வார்டிலிருந்து கேட்டதற்கு, காலை பத்து பன்னிரண்டுக்கு ஏஐ உதவியாளர் சொன்ன பதில் அது. இப்போது மணி பத்து இருபது.

உதவியாளர் சொல்லும் பதில்களில் ஒன்றிரண்டை எடுத்துச் சரிபார்ப்பது அவளுடைய அன்றாட வேலை. இன்றைக்கு என்னவோ தோன்றி, ஆஸ்பத்திரியின் பழைய பதிவேட்டிலும் அந்தப் பெயரைத் தேடிவிட்டாள்.

பென்சிலின். மூச்சுத்திணறல். 2016.

அவள் போனை எடுத்தாள்.

கொட்டாரம் ஊரில் ஒரு உரக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அவள் வேலை செய்யும் மென்பொருள் அலுவலகம். மூன்றே பேர். ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு இந்த உதவியாளரைச் செய்து கொடுத்து ஆறு வாரம் ஆகிறது. நர்ஸ் கேள்வியைத் தட்டினால், தரவுத்தளத்தில் தேடிப் பதில் சொல்லும். தேடுவதற்கு அதனிடம் பதினாறு கருவிகள். எந்தக் கருவி எதைத் தேடும் என்று குறிப்பு எழுதிக் கொடுத்தவள் ஜெஸ்பின்.

அந்தக் குறிப்பில் இல்லாதது எதுவும் உதவியாளருக்குத் தெரியாது.

ஒவ்வாமைக் கருவிக்கு அவள் ஒரே வரிதான் எழுதியிருந்தாள். ‘நோயாளியின் மருந்து ஒவ்வாமைகளைத் தரும்.’

உண்மையில் அந்தக் கருவி 2021 ஏப்ரலுக்குப் பிறகு பதிந்ததை மட்டுமே தேடும். அது அவளுக்குத் தெரியும். எழுதாமல் விட்டாள். அன்றைக்கு அக்காள் மகளின் ஞானஸ்நானத்துக்குப் போக நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

வார்டு எண்ணை அழுத்தினாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள். அவசரத்தில் வேறொரு எண்ணுக்குப் போயிற்று. கீழே யாரோ யூரியா மூட்டையை லாரியிலிருந்து இறக்கிப் போடும் சத்தத்துக்கெல்லாம் உடம்பு தூக்கிப் போட்டது. கர்த்தாவே, கர்த்தாவே என்பதற்கு மேல் ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை.

மூன்றாவது தடவை லீலாபாய் என்ற நர்ஸ் எடுத்தார்.

“சிஸ்டர், சத்தியநேசனுக்கு ஊசி போட்டாச்சா?”

“போடல்ல மக்கா. மருந்தக் கொண்டு போனதும், இது எனக்கு ஆவாதுன்னு அவரே கைய இழுத்துக்கிட்டாரு. நீ ஆரு பேசுகது?”

ஜெஸ்பின் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் தான் யார் என்று சொன்னாள்.

முதலாளி தேவகுமார் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். “ஒண்ணும் ஆவல்லல்லா. பேடிக்காண்டாம்” என்று தைரியம் சொன்னார்.

தண்ணீரைத் தொடாமல் குறிப்பைத் திருத்தி எழுதினாள்.

‘இந்தக் கருவி 2021 ஏப்ரலுக்குப் பிறகு பதிந்த ஒவ்வாமைகளை மட்டும் தேடும். பதில் வெறுமையாக வந்தால் ஒவ்வாமை இல்லை என்று பொருளல்ல. பதிவு இல்லை என்று மட்டுமே பொருள். அப்போது பழைய பதிவேட்டுக் கருவியிலும் தேட வேண்டும். அங்கேயும் எதுவும் கிடைக்காவிட்டால், இல்லை என்று சொல்லாதே. நோயாளியிடம் நேரில் கேட்கும்படி சொல்.’

அதே கேள்வியை உதவியாளரிடம் போட்டுப் பார்த்தாள். இந்தத் தடவை அது இரண்டு இடத்திலும் தேடியது. பென்சிலின் என்று சொன்னது.

மொத்தம் பத்து நிமிஷ வேலை.

தேவகுமார் தன் இடத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். ஜெஸ்பினால் எழுந்திருக்க முடியவில்லை. சத்தியநேசனுக்கு நினைவிருந்தது, சொன்னார். சொல்லத் தெரியாதவர்கள்? மயக்கத்தில் கொண்டு வரப்பட்டவர்கள்?

ஆறு வாரத்தில் எத்தனை பேருக்கு உதவியாளர் ‘எதுவும் இல்லை’ என்று சொல்லியிருக்கிறது என்று தேடினாள்.

இருநூற்றுப் பதினான்கு.

அத்தனை பெயரையும் பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். சத்தியநேசனைத் தவிர இன்னும் ஒன்பது பேருக்கு அதில் ஒவ்வாமை பதிந்திருந்தது.

எட்டுப் பேரின் பெயருக்கு எதிரில், வீடு திரும்பிய தேதி இருந்தது. ஒவ்வொரு தேதியையும் விரலால் தொட்டுத் தொட்டுக் கீழே வந்தாள்.

ஒன்பதாவது பெயர் நேசம்மாள், ஊர் புதுக்கடை. போன மாதம் சேர்த்திருக்கிறார்கள். தேதி இல்லை.

இன்னும் படுக்கையில்தான் இருப்பார்களாயிருக்கும். காலில் புண் ஆறாமல் மாதக்கணக்கில் கிடக்கிறவர்கள் உண்டு. அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி வார்டுக்குப் போன் போட்டாள். இந்தத் தடவை முதல் மணியிலேயே லீலாபாய் எடுத்தார்.

பெயரைச் சொன்னதும் லீலாபாய் பக்கத்தில் இருந்தவர்களை அப்பால் போகச் சொல்வது கேட்டது.

பிறகு, காலையில் பேசிய அந்தச் சத்தம் இல்லாமல், மெதுவாகக் கேட்டார்.

“நீ அவியளுக்குச் சொந்தமா மக்கா?”