ஜமீனுக்குக் கிடைத்த மரியாதை

ஒரு தெருவில் ஜமீன் என்றொரு நாய் இருந்தது. அது நடந்து வந்தால் மற்ற நாய்கள் ஒதுங்கி வழிவிடும். குட்டிகள்கூடக் கிட்டே வராது. "பாத்தியா, என்ன மரியாதை!" என்று தன் ஒரே சிநேகிதியான செவலை ஆட்டிடம் அது பீற்றிக்கொள்ளும்.

ஒருநாள் ஈறு வீங்கி, ஜமீனால் எலும்பைக் கடிக்க முடியாமல் போனது.

"வாயத் திறங்கண்ணே" என்று எட்டிப் பார்த்த ஆடு, சட்டென்று பின்னால் நகர்ந்தது. "குளத்துப் படி மாதிரி பல்லெல்லாம் வழவழன்னு பாசி! அவங்க ஒதுங்குறது மரியாதைக்கு இல்லண்ணே, நாத்தத்துக்கு. நானே காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துத்தான் உங்ககிட்ட உக்காருறேன்."

ஜமீனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று முழுக்க ஆட்டோடு பேச்சில்லை. ஆனால் பசி விடுமா? மறுநாள் ஈறு வீக்கத்துக்கு மருந்தென்று ஆடு கொண்டுவந்து போட்ட கொய்யாக் கொழுந்தை, முகத்தைத் திருப்பிக்கொண்டே மென்றது. துவர்ப்பில் கண் சுருங்கியது.

"அப்படியே முழுங்காதீங்க. பல்லுல தேய்ற மாதிரி மெல்லுங்க" என்று தினமும் பக்கத்திலேயே நின்றது ஆடு.

வீக்கம் வடிந்தது. பாசியும் போனது. இப்போது நாய்கள் ஜமீனை இடித்துக்கொண்டே நடந்தன. ஒரு குட்டி அதன் தாடைக்கடியில் வந்து சுருண்டு தூங்கியே விட்டது.

"என் மரியாதையெல்லாம் போச்சு" என்று முனகியது ஜமீன்.

"வேணும்னா இலையை நிறுத்திடலாமாண்ணே?"

குட்டி விழித்துவிடாதபடி, தலையைக்கூட அசைக்காமல், ஜமீன் மெல்லச் சொன்னது:

"நாளைக்கு இன்னும் கொஞ்சம் இளசாப் பாத்துக் கொண்டா."