தெருவுக்கே சமையல்

ஊரடங்கில் மாமல்லபுரம் ரிசார்ட்டை மூடிவிட்டார்கள். சமையல்காரன் குமரேசன் மனைவி மக்களோடு சொந்த ஊரான ஆரணிக்கே திரும்பிவிட்டான். ஒரு மாதம் கழித்து, அவன் தெருவிலேயே பட்டுத்தறி வைத்திருந்த தனகோடி வந்து நின்றார்.

“கல்யாணம் இல்ல, பட்டு போவல. பாதி வூட்ல அடுப்பு எரியல குமரேசா. எப்படியோ அரிசி சேத்துட்டோம். ஆக்கிப்போட உன்னை விட்டா யாரு?”

“சும்மாதானே உக்காந்துகினு இருக்கேன். வரேண்ணா.”

“சம்பளம் கிடையாதுப்பா. உன் வூட்டுக்கும் சாப்பாடு எடுத்துகினு போ.”

“வேலை செஞ்சிட்டு எடுத்துகினு போறதுன்னா சரிண்ணா.”

தினமும் தெருவே பாத்திரத்தோடு வரிசையில் நின்றது. “வெள்ளைக்காரனுக்குச் சமைச்ச கை, உப்பே போட மாட்டேங்குதே!” என்று எதிர்வீட்டுத் திலகவதி வம்புக்கு இழுப்பாள். பசியிலும் சிரிக்கிறார்களே என்று அவனுக்கு மனம் கசியும்.

ஒருநாள் அவள் வரவில்லை. பட்டினி கிடப்பாளே என்று பதறி, சாம்பார் சாதத்தோடு வீட்டுக்கே போனான். அங்கே அடுப்பில் ரசம் நுரைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் வடித்த சோறு.

“என்னக்கா இது?”

திலகவதி திருதிருவென்று விழித்தாள்.

“எல்லார் வூட்லயும் கஞ்சியோ கூழோ பொங்கிகினுதான் இருக்கோம்ப்பா. மொதல்ல உன் வூட்டுக்கு அரிசி குடுத்தனுப்பினோம், திருப்பி அனுப்பிட்ட. உன் புள்ளைங்க மொகம் வாடிக் கிடந்துச்சு. அதான் இந்தத் தெருச் சமையலு. உன்னை வேற எப்படிச் சாப்பிட வைக்கிறது?”

குமரேசன் கொண்டுவந்த சாதத்தைக் கீழே வைத்தான். பிறகு அடுப்புக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“வாசனை தூக்குதுக்கா. எனக்கும் ரெண்டு கரண்டி ஊத்துங்க.”